ஒரு மிடறு

உண்ணும்போது ஒருவருக்குப் புரையேறினால், பக்கத்தில் இருப்பவர் உச்சந்தலையில் மெல்லத் தட்டி, "யாரோ நினைக்கிறார்கள்" என்று சொல்வது நம் இல்லங்களில் வழக்கம். இனிய வழக்கமுங்கூட. தொலைவிலுள்ள மகனோ, மணமாகிப் போன மகளோ நம்மை எண்ணிக்கொண்டிருப்பதாக, அந்தக் கண நேரத் திணறலுக்கு ஓர் அன்புப் பொருளைக் கற்பித்த முன்னோரை நான் குறைகூற மாட்டேன். ஆயினும் படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கு மீண்டும் மீண்டும் புரையேறுமாயின், அந்தப் பொருள் அங்கே போதாது. அங்கே நினைக்க வேண்டியவர்கள் அருகில் அமர்ந்து ஊட்டுகின்ற நாம்தாம்.

ஏற்காட்டு மலையில் பங்குப்பணி ஆற்றும் குருவுக்கு முதல் வெள்ளி என்றால் கால்களுக்கு நல்ல வேலை. கோயிலைச் சுற்றியுள்ள வீடுகள் எளிது. காப்பித் தோட்டங்களுக்குள்ளே லைன் வீடுகளில் கிடக்கும் நோயாளரைக் காண, ஜீப் போகும்வரை ஜீப்பிலும், அதன்பின் மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களுக்கிடையே நடந்தும் போகவேண்டும். நோயாளிக்கு நற்கருணை வழங்குமுன், "இவரால் விழுங்க முடியுமா?" என்று வீட்டாரைக் கேட்கவேண்டும் என்பது குருமடத்தில் எங்களுக்குக் கற்பிக்கப்பட்டது. அந்தச் சிறு கேள்விக்குக் கிடைக்கும் விடைகளே இக்கட்டுரையை எழுதத் தூண்டின. சர்க்கரை எவ்வளவு, இரத்த அழுத்தம் எவ்வளவு, முதுகில் புண் எத்தனை என்றெல்லாம் விரல்விட்டுச் சொல்லும் வீட்டார், விழுங்குவதைப் பற்றிக் கேட்டதும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வர். பிறகு, "ஏதோ இறங்குது சாமி" என்பர். எங்கே இறங்குகிறது என்பதுதான் கேள்வி.

நம் தொண்டையில் மூச்சுப் பாதையும் உணவுப் பாதையும் ஒன்றையொன்று குறுக்கே கடக்கின்றன. முன்னே மூச்சுக்குழல், பின்னே உணவுக்குழல். கவளம் நாவின் பின்புறத்தைத் தாண்டியதும் குரல்வளை மேலெழுகிறது. அதன் மூடி கவிழ்கிறது. குரல் நாண்கள் இறுகச் சேர்கின்றன. மூச்சு சற்றே நிற்கிறது. உணவுக்குழலின் வாய் திறக்கிறது. இத்தனையும் ஏறத்தாழ ஒரு நொடியில் நடந்து முடிகின்றன. மூளையிலிருந்து நேரே வரும் ஐந்து நரம்பிணைகளும் எத்தனையோ தசைகளும் இதில் ஒத்துழைக்கின்றன. சேலத்திலிருந்து நம் மலைக்கு ஏறும் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறிவரும் பேருந்துக்கு இறங்கும் வண்டி ஒதுங்கி நிற்கிறது. ஒதுங்கத் தவறினால் என்ன ஆகும் என்பதை இம்மலை மக்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பக்கவாதம் தாக்கிய முதல் நாட்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இந்த ஒத்துழைப்புக் கெடுகிறது. அவர்களுள் பலருக்குச் சில வாரங்களில் சீராகிவிடும், சிலருக்கு ஆவதில்லை. நடுக்குவாதம், முதுமை மறதி நோய், வாய் அல்லது தொண்டைப் புற்றுக்காகக் கதிர்வீச்சு பெற்றவர் நிலை ஆகியவையும் இதில் சேரும். 2020, 2021ஆம் ஆண்டுகளில் கோவிட் தொற்றினால் செயற்கை மூச்சுக் கருவியில் நாட்கணக்கில் வைக்கப்பட்டு மீண்டவர்களுள் பலர், தொண்டையில் குழாய் இருந்த காரணத்தால் தண்ணீரைக்கூட விழுங்கத் தடுமாறினர். முதலில் சொன்னவற்றுள் ஒரே ஒரு நோய் மட்டும் உடையவரை என் சுற்றில் நான் அரிதாகவே காண்கிறேன். பக்கவாதத்தோடு சர்க்கரை, சர்க்கரையோடு சிறுநீரகம், அதோடு அடுப்புப் புகையில் கெட்ட நெஞ்சு என்று நோய்கள் கூட்டாகவே குடிவருகின்றன. ஒன்றுக்குச் செய்யும் மருத்துவம் மற்றொன்றைக் கிளறிவிடுகிறது.

உணவு மூச்சுக்குழலுக்குள் நுழைந்தால் இருமல் வருமன்றோ, வந்தால் தெரிந்துவிடுமே என்று நினைக்கிறோம். இருமல் ஒரு நல்ல காவற்காரன்தான். ஆனால் நோய் தொண்டையின் உணர்ச்சியையும் மழுங்கச் செய்துவிடுமானால் அந்தக் காவற்காரன் உறங்கிப் போகிறான். கவளமோ காப்பியோ நெஞ்சுக்குள் இறங்கும். ஒரு செருமல்கூட வராது. மருத்துவர்கள் இதை மௌனமாய்ப் புரையேறுதல் என்கின்றனர். நான் அறிந்தவற்றுள் இதைவிட வஞ்சகமான நோய்க்குறி வேறில்லை. குறியே இல்லாததுதானே அதன் வஞ்சகம்!

எங்கள் கிளைப்பங்கு ஒன்றில் ஒரு பெரியவர் இருந்தார். தோட்ட வேலையில் வாழ்நாளைக் கழித்தவர். சர்க்கரை உண்டு, பீடியினால் நெஞ்சு கெட்டிருந்தது, சிறுநீரகமும் சற்றுத் தளர்ந்திருந்தது. அவருக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. கீழே ஒரு மருத்துவமனையில் சில நாட்கள் மூக்குக் குழாய்வழி உணவு கொடுத்து, பிறகு குழாயை எடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். "மென்மையான உணவாகக் கொடுங்கள்" என்பதற்குமேல் வீட்டாருக்கு ஒன்றும் சொல்லப்படவில்லை. வீட்டில் அவருக்கு இருமலே இல்லை. ஆனால் இரண்டு மாதத்தில் மூன்று முறை சுரம் கண்டது. மலைக்குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சன்னலை அடைத்தார்கள்; இன்னொரு கம்பளி வாங்கினார்கள்.

செவிலியர் பயிற்சி பெற்ற ஓர் அருட்சகோதரி ஒருநாள் என்னோடு அந்த வீட்டிற்கு வந்தார். பெரியவரின் மனைவி அவருக்குக் காலைக் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தார். கணவரின் தலையைத் தம் மடிமேல் சற்றே சாய்த்து, பிள்ளைக்குப் புகட்டுவதுபோல் பாலாடையால் வாயில் ஊற்றினார். சகோதரி தடுக்கவுமில்லை, பேசவுமில்லை. கட்டிலருகே அமர்ந்து உற்றுப் பார்த்தார். மூன்று மிடறு உள்ளே போயிற்று. இருமல் இல்லை. "தாத்தா, ஆ... சொல்லுங்க" என்றார். பெரியவரின் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் களகளவென்று ஈரமாய் வந்தது. மூச்சும் முன்னைவிட விரைவாயிருந்தது.

"பாட்டி, காப்பி வயித்துக்குப் போகல. நெஞ்சுக்குப் போகுது" என்றார் சகோதரி.

அந்த அம்மாவின் முகம் இருண்டது. பாலாடையைக் கீழே வைத்துவிட்டு, "அப்போ இத்தனை நாளா நானா சிஸ்டர் அவருக்குச் சுரத்தக் குடுத்தேன்?" என்றார்.

"நீங்க குடுத்தது காப்பி பாட்டி. வழி மாத்திவிட்டது நோவு."

இந்தப் பதிலை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. நோயாளியின் வீட்டில் உண்மையைச் சொல்லவும் வேண்டும். ஊட்டிய கையின்மேல் பழியை வைக்கவும் கூடாது. சேலம் ஆட்சியராயிருந்த காக்பர்ன் என்னும் ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இம்மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்பர். தலைமுறை தலைமுறையாய்க் காப்பி பறித்துப் பிழைத்த குடும்பத்தில், வேலைக்குப் புறப்படும் கணவனுக்கு விடியுமுன் காப்பி கலந்து கொடுத்தே பழகிய மனைவியிடம் அதை நிறுத்தச் சொல்வது எளிதன்று. "என் கையால ஒரு மிடறு காப்பி குடுக்கக் கூடாதா சாமி?" என்று அவர் என்னைக் கேட்டார். அதற்கு விடை சொல்லும் தகுதி எனக்கில்லை. தகுதியுடையவரிடம் அனுப்பி வைத்தோம்.

அந்தத் தகுதியுடையவர் பேச்சுப் பயிற்சியாளர் என்றபோது வீட்டார் வியந்தனர். "பேச்சு பிறகு வரட்டும் சாமி, முதல்ல சோறு இறங்கட்டும்" என்றார் மகன். பேசுவதற்கும் விழுங்குவதற்கும் உதடும் நாவும் அண்ணமும் குரல்வளையும் பொதுவாதலின், இரண்டையும் ஒருவரே பார்க்கிறார். 1965இல் மைசூரில் நிறுவப்பெற்ற அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் இத்துறையில் பலரைப் பயிற்றுவித்து வருகிறது. நம் தமிழகத்திலும் இப்படிப்பு உண்டு. பெரிய மருத்துவமனைகளில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவிலோ நரம்பியல் பிரிவிலோ கேட்டால் வழி சொல்வார்கள். கேட்கவேண்டும் என்பதே முக்கியம். கேளாத வீட்டுக்கு இந்தப் பரிசோதனை தானாக வந்து சேர்வதில்லை.

அவர் முதலில் பார்ப்பது தொண்டையையன்று. நோயாளி விழிப்பாயிருக்கிறாரா, நிமிர்ந்து உட்கார முடிகிறதா, சொன்னதைப் புரிந்துகொள்கிறாரா, வாய் சுத்தமாயிருக்கிறதா, தானே வலிந்து இருமினால் அந்த இருமலுக்கு வலுவிருக்கிறதா என்று பார்க்கிறார். பிறகு ஒரு தேக்கரண்டி நீர். குரல்வளைமேல் விரல்வைத்து அது எழுகிறதா என்று தடவிப் பார்க்கிறார். விழுங்கிய பின் குரலைக் கேட்கிறார். 90 மில்லி லிட்டர் நீரை நிறுத்தாமல் குடிக்கச் செய்யும் சோதனை ஒன்றும் உண்டு. அதை யாருக்குச் செய்யலாம், யாருக்குச் செய்யலாகாது என்று பயிற்சி பெற்றவரே அறிவார். தயவுசெய்து எவரும் வீட்டில் ஒரு தம்ளர் நீரை வைத்துக்கொண்டு இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

வெளிப்பார்வைக்கு எட்டாததைக் காண இரு வழிகள் உள்ளன. பேரியம் என்னும் வெண்மருந்தை உணவிலும் நீரிலும் கலந்து கொடுத்து, அது இறங்குவதை எக்ஸ்ரே கதிரால் ஓடும் படமாகப் பார்ப்பது ஒன்று. அமெரிக்காவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஜெரி லோகமன் என்னும் பேராசிரியை இம்முறையை வளர்த்து, 1983இல் விழுங்கற் குறைபாடுகளைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். மற்றொன்று, மெல்லிய நோக்குக் குழாயை மூக்கின்வழி செலுத்தித் தொண்டையை மேலிருந்து பார்ப்பது. சூசன் லாங்மோர் என்பவரும் உடன் உழைத்தோரும் 1988இல் இதை வெளியிட்டனர். கட்டிலை விட்டு அசைக்க முடியாத நோயாளிக்கும் இதைச் செய்யலாம் என்பது பெரிய வசதி.

நம் பெரியவருக்கு எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். தொண்டை விழித்துக்கொள்ளுமுன்னே நீர்த்த பொருள் வழுக்கி மூச்சுக்குழலுக்குள் ஓடிவிடுகிறது; கெட்டியான பொருள் மெதுவாய் நகர்வதால் அதற்குள் கதவு மூடிக்கொள்கிறது என்பது அதில் தெரிந்தது. விழுங்கும்போது தலையை வலப்புறம் திருப்பச் சொன்னார்கள். சோர்ந்த பக்கத்தை அடைத்து, நல்ல பக்கத்தின் வழியாகக் கவளத்தை அனுப்பும் உபாயம் அது. வேறொருவருக்குத் தாடையை மார்பை நோக்கித் தாழ்த்தச் சொல்வார்கள். இன்னொருவருக்கு அதுவே தீங்காகும். பக்கத்து வீட்டு நோயாளிக்குச் சொன்னதை நம் வீட்டு நோயாளிக்குச் செய்யாதிருப்பது நலம்.

எல்லாருக்கும் பொருந்துவனவும் சில உண்டு. முதலாவது, படுக்க வைத்து ஊட்டலாகாது. இயன்றவரை நேராக நிமிர்த்தி, முதுகுக்குத் தலையணை அணைத்து உட்கார வைக்கவேண்டும். உண்டபின் அரைமணி நேரமாவது அப்படியே இருக்கவேண்டும். ஊட்டுகிறவர் நின்றுகொண்டு ஊட்டினால் நோயாளி அண்ணாந்து பார்ப்பார். அண்ணாந்தால் தொண்டை திறந்துகொண்டு மூச்சுக்குழல் காவலற்றுப்போகும். எனவே நாமும் அவர் கண்மட்டத்தில் உட்காரவேண்டும். எச்சிற்படாமல் தம்ளரைத் தூக்கி அண்ணாந்து குடிப்பது நம் நாட்டு நல்ல பழக்கமே. இந்நோயாளருக்கு அது ஆகாது. பாலாடையும் சங்கும் ஆகா. அவை வாய்க்குள் ஊற்றுகின்றன. நோயாளி தானாக உறிஞ்சி, நிறுத்தி, விழுங்கும் உரிமையைப் பறித்துவிடுகின்றன. ஒரு சிறு கரண்டி கொடுத்து, குரல்வளை எழுந்து இறங்குவதைக் கண்ணால் கண்டபிறகே அடுத்தது. கன்னத்துள் சோறு ஒதுங்கிக் கிடக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். அரைத்தூக்கத்தில் இருப்பவரை, "மாத்திரைக்கு முன்னால ரெண்டு வாய்" என்று தட்டி எழுப்பி ஊட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபமே வரும்.

எதை ஊட்டுவது என்பதில்தான் நம் சமையலறை வழக்கங்கள் புரண்டு போகின்றன. நோயாளிக்கு ஏற்றதென்று நாம் நம்பும் இரசஞ்சோறு, உண்மையில் கடினமான உணவு. இரசம் ஓடும், பருக்கை நிற்கும், ஒரே வாயில் இரண்டு வேகத்தில் இரண்டு பொருள்கள்! நீர் பிரிந்து நிற்கும் கஞ்சியும், காப்பியில் நனைத்த பிஸ்கோத்தும், கடித்தால் சாறு தனியே சக்கை தனியே பிரியும் நம் மலைக் கமலா ஆரஞ்சும் அப்படியே. ரொட்டி அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மாறாக, கட்டியில்லாமல் கிண்டிய கேழ்வரகுக் கூழ், மசித்துப் பிசைந்த பருப்புச்சோறு, கனிந்த பப்பாளி ஆகியவை ஒரே சீராய் இறங்கும். ஏற்காட்டுச் சந்தையில் வெண்ணெய்ப் பழம் என்று விற்கிறதே, நாமெல்லாம் பட்டர் புரூட் என்கிறோமே, அதை மசித்தால் இந்நோயாளருக்கென்றே படைக்கப்பட்டது போலிருக்கும். குறைந்த அளவில் மிகுந்த வலுவும் தரும். ஆனால் அதில் பொட்டாசியச் சத்து மிகுதி. சிறுநீரகம் கெட்டவருக்கு மருத்துவரைக் கேட்டே கொடுக்கவேண்டும்.

உணவின் மென்மையையும் நீரின் கெட்டித்தன்மையையும் உலகெங்கும் ஒரே விதமாய்க் குறிக்கவென்று 2013இல் ஒரு பன்னாட்டுக் குழு வேலையைத் தொடங்கி, 0 முதல் 7 வரை படிகள் வகுத்தது. நீர் 0; வழக்கமான உணவு 7. இதிலுள்ள சோதனை எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனெனில் ஏழை வீட்டிலும் செய்யலாம். ஊசியில்லாத 10 மில்லி சிரிஞ்சில் பானத்தை நிரப்பி, அடிமுனையை விரலால் அடைத்து, பிறகு விரலை எடுத்து 10 நொடி ஒழுக விடவேண்டும். ஒன்றும் மிஞ்சாவிட்டால் அது நீர்த்த பானம். 4 முதல் 8 மில்லி வரை மிஞ்சினால் 2ஆம் படி. அதற்கு மேலும் மிஞ்சினால் 3ஆம் படி. இதற்கான சிரிஞ்சுகளில் அளவு வேறுபாடு உண்டாகையால், எதை வாங்குவது என்று பயிற்சியாளரே காட்டித் தருவார்.

பெரியவருக்கு 2ஆம் படி விதிக்கப்பட்டது. கடையில் விற்கும் கெட்டியாக்கும் பொடியைக் காப்பியில் கலந்தால் அவர் முகம் சுளித்தார். விலையும் கட்டுப்படியாகவில்லை. அந்த அம்மா ஆரோரூட் மாவைக் காய்ச்சிக் காப்பியில் கலந்து பார்த்தார். முதலில் நன்றாயிருந்தது, பாதிக் கிண்ணம் முடியுமுன் தண்ணீராகிவிட்டது. இதற்குக் காரணம் நம் உமிழ்நீர். மாவுப்பொருளை உடைப்பது அதன் தொழில். எச்சிற்பட்ட கரண்டியைக் கிண்ணத்தில் மீண்டும் விட்டால் கிண்ணமே நீர்த்துப்போகும். பிசின் வகைப் பொடிகளுக்கு இக்குறை இல்லை. பிறகு அந்த அம்மா ஒரு வழி கண்டார்: சிறிதளவை வேறு கிண்ணத்தில் எடுத்து, அதிலிருந்தே ஊட்டி, தீர்ந்ததும் புதிதாய் எடுத்தார். பயிற்சியாளரும் அதை ஒப்புக்கொண்டார். அந்தக் காப்பியை நானும் ஒருமுறை சுவைத்தேன். காப்பி என்று சொல்லத்தான் வேண்டும்! ஆனால் பெரியவர் இரண்டு மாதத்திற்குப் பிறகு அந்த ஒரு கரண்டியை நாவில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியதைப் பார்த்தவர்கள் அதன் சுவையைப் பற்றி வாதாட மாட்டார்கள்.

கெட்டியாக்கிய பானத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. தாகம் தீராததால் நோயாளி குறைவாகவே குடிக்கிறார், உடல் வறள்கிறது, தளர்ந்த சிறுநீரகம் இன்னும் தளர்கிறது. நுரையீரலைக் காக்கப்போய்ச் சிறுநீரகத்தைக் கைவிட்ட கதையாகும். ஆகவே நாளொன்றுக்கு எத்தனை தம்ளர் உள்ளே போயிற்று என்று கணக்கு எழுத வேண்டியதாயிற்று. சர்க்கரை நோயும் அவ்வாறே. பாதி உணவோடு நிறுத்திவிட்டவருக்கு முழு இன்சுலினைப் போட்டால் சர்க்கரை படுவேகமாய் இறங்கிவிடும். எந்த அளவு என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்திருக்கவேண்டும். மூச்சிரைப்பு உள்ளவர் விழுங்குவதற்காக மூச்சை நிறுத்தவே களைத்துப்போகிறார். அவருக்கு மூன்று வேளையை ஆறு சிறுவேளையாக்குவது நல்லது. நடுக்குவாத நோயாளிக்கு மருந்தின் வலு உடலில் நிற்கும் நேரமே உண்ண உகந்த நேரம். மாத்திரையை விழுங்க இயலாதபோது எல்லாவற்றையும் பொடித்துக் கரைத்துவிடுகிறோம். மெல்ல மெல்லக் கரையுமாறு செய்யப்பட்ட மாத்திரையைப் பொடித்தால் நாள்முழுவதற்குமான மருந்து ஒரே கணத்தில் இரத்தத்தில் இறங்கிவிடும். மருந்துக்கடைக்காரரிடம் ஒவ்வொரு மாத்திரையையும் காட்டிக் கேளுங்கள்.

வாயைச் சுத்தம் செய்வதும் மருத்துவமே. நம்மையறியாமல் எச்சில் உள்ளே இறங்கும்போது அதோடு இறங்கும் கிருமிகளே நிமோனியாவுக்குக் காரணமாகின்றன. ஜப்பானிய முதியோர் இல்லங்களில் நடத்தி 1999இல் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வொரு உணவுக்குப் பின்னும் பற்களையும் வாயையும் துலக்கிவிடப்பட்ட முதியோருக்கு நிமோனியா குறைவாகக் கண்டது தெரியவந்தது. வெற்றிலையும் புகையிலையும் ஊறிய வாய்களை நம் மலையில் நாள்தோறும் பார்க்கிறேன். பல்லே இல்லாத பாட்டிக்கு எதற்குப் பல் துலக்குவது என்பார்கள். ஈரத்துணியால் ஈறையும் நாவையும் துடைத்துவிட எவ்வளவு நேரமாகும்?

வாய்வழி உணவு எவ்வகையிலும் பாதுகாப்பாகாதபோது குழாய் வருகிறது. சில வாரங்களுக்கென்றால் மூக்கின்வழி. நெடுநாளைக்கென்றால் வயிற்றில் சிறு துளையிட்டு நேரே இரைப்பைக்குள். அறுவையின்றி நோக்குக் குழாயின் துணையால் இத்துளையை இடும் முறை 1979இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் முதலில் செய்யப்பட்டது. குழாய் வந்துவிட்டால் புரையேறாது என்று எண்ணவேண்டாம். எச்சிலும் இரைப்பையிலிருந்து மேலெழும் உணவும் அப்போதும் வழி தவறலாம். தலைமாட்டை உயர்த்தாமல் குழாயில் ஊற்றலாகாது. நம் மலைக்கே உரிய எச்சரிக்கை ஒன்றும் சொல்லவேண்டும்: குழாய்வழி உணவு கொடுத்த கையோடு நோயாளியை வண்டியில் ஏற்றி இருபது வளைவுகளில் சேலத்துக்கு இறக்காதீர்கள். வாந்தி வந்தால் படுத்திருப்பவர் அதை உள்ளிழுத்துக்கொள்வார். எவ்வளவு நேரம் முன்பே நிறுத்துவது என்று செவிலியரைக் கேட்டுப் புறப்படுங்கள்.

குழாய் வேண்டுமா வேண்டாமா என்பது சில வீடுகளில் மருத்துவக் கேள்வியாக நிற்காமல் மனச்சான்றின் கேள்வியாகவே மாறிவிடுகிறது. முதுமை மறதி முற்றி, எவரையும் அறியாமல், வாயைத் திறக்கவும் மறந்துபோன ஒரு தாயின் மகன் வெளிநாட்டிலிருந்து வந்து, "ஃபாதர், குழாய் போடலைன்னா அம்மாவைப் பட்டினி போட்டுக் கொன்ன பாவம் எங்களுக்கு வருமா?" என்று கேட்டார். கூடப் பிறந்தவளோ, "அம்மா கையைக் கட்டிப் போட்டு மூக்குல குழாய் விடறதைப் பாக்க என்னால முடியாதுண்ணே" என்று அழுதார். இருவருமே தாயை நேசித்தார்கள்.

திருச்சபையின் போதனை இதில் தெளிவாயிருக்கிறது. அவசர விடை தேடுவோருக்குத்தான் அது சிக்கலாய்த் தோன்றும். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் (நம்மில் மூத்தோர் அருள் சின்னப்பர் என்றே சொல்லிப் பழகியவர்) 2004 மார்ச் 20 அன்று ஆற்றிய உரையில், குழாய்வழியே ஆயினும் உணவும் நீரும் கொடுப்பது இயல்பான பராமரிப்பே என்றும், கோட்பாட்டளவில் கடமையே என்றும் சொன்னார். விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2007இல் அதை உறுதிசெய்தபோது, உடல் அந்த உணவை ஏற்கவியலாத நிலையையும், குழாயே மிகுந்த சுமையாகும் அரிய நிலையையும் விலக்காகக் குறித்தது. அந்தத் திருத்தந்தையின் வாழ்விலேயே இது நிகழ்ந்தது. 1986இல் சென்னைக்கு வந்தபோது நாம் கண்ட திடமான மனிதர், நடுக்குவாதத்தால் படிப்படியாய்க் குரலையும் விழுங்கும் ஆற்றலையும் இழந்தார். 2005 பிப்ரவரியில் மூச்சுக்காகத் தொண்டையில் துளையிடப்பட்டது. மார்ச் 30 அன்று மூக்கின்வழி உணவுக்குழாய் வைக்கப்பட்டிருப்பதாக வத்திக்கான் அறிவித்தது. ஏப்ரல் 2 அன்று தம் அறையிலேயே அவர் இறந்தார். குழாயை அவர் மறுக்கவில்லை. மீண்டும் மருத்துவமனைக்குப் போகவுமில்லை.

அந்த அண்ணன் தங்கையிடம் மருத்துவர் சொன்னது இதுதான்: முற்றிய மறதி நோயில் குழாய் ஆயுளைக் கூட்டுவதாகவோ நிமோனியாவைத் தடுப்பதாகவோ சான்றில்லை, பொறுமையாய்க் கையால் ஊட்டுவதையே முதியோர் மருத்துவர்கள் பெரும்பாலும் விரும்புகிறார்கள். தாய் ஏற்குமட்டும் ஊட்டுவது என்றும், ஏற்காதபோது வாயை ஈரப்படுத்தி வைப்பது என்றும் முடிவாயிற்று. அது பட்டினி போடுவதாகாது என்று நானும் சொன்னேன். பக்கவாதத்தின் தொடக்கத்தில் இருப்பவருக்கு இதே முடிவை எடுப்பது பெருந்தவறாகும். அவர் மீள்வார் என்ற நம்பிக்கையிலேயே குழாய் வைக்கப்படுகிறது. எந்த நோய், எந்தக் கட்டம் என்று பார்க்காமல் குழாயைப் புகழ்வதும் இகழ்வதும் வீண்.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடிச் செல்லும் இயன்முறை மருத்துவமும் நோவு தணிப்புப் பராமரிப்பும் சேர்க்கப்பட்டன. இத்தகையோர் வீட்டுக்கு வரும்போது மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடாமல், விழுங்குவதைப் பற்றியும் கேளுங்கள்.

கடைசி நேரத்தில் சுற்றத்தார் வரிசையாய் வந்து வாயில் பால் ஊற்றும் வழக்கம் நம் கிறிஸ்தவ வீடுகள் சிலவற்றிலும் இருக்கிறது. நினைவிழந்தவரின் வாயில் ஊற்றிய பால் நுரையீரலில்தான் போய் நிற்கும். அமைதியாய்ப் பிரியவேண்டிய மூச்சு களகளத்துத் திணறும். பாலில் பஞ்சை நனைத்துப் பிழிந்துவிட்டு உதட்டைத் தொட்டாலே போதும் என்று நான் சொல்வதுண்டு. பெரும்பாலோர் ஏற்றுக்கொள்கிறார்கள். ஏற்காத சில மூதாட்டிகள் இருக்கிறார்கள். அவர்களோடு வாதிடுவதைவிடப் பஞ்சை நானே கையில் எடுத்து முதலில் தொட்டுவிடுவது பயன் தருகிறது.

இனி நற்கருணையைப் பற்றி. நோயில்பூசுதலுக்கு விழுங்க வேண்டியதில்லை. நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசப்படுகிறது. நற்கருணைக்கு விழுங்கவேண்டும். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 925ஆம் சட்டம், தேவையானால் இரச வடிவில் மட்டுமே நற்கருணை வழங்க இடமளிக்கிறது. உணவுக்குழலில் புற்றுக் கண்டு திடப்பொருள் இறங்காதவருக்கு இது பேருதவி. ஆனால் பக்கவாத நோயாளிக்கு நீர்த்த இரசமே அப்பத்தைவிட ஆபத்தானதாய் இருக்கக்கூடும் என்பதை மேலே சொன்னவற்றிலிருந்து நீங்களே உணர்ந்திருப்பீர்கள். அத்தகையோருக்கு அப்பத்தின் மிகச்சிறு துகளே போதும். துகள் எவ்வளவு சிறிதாயினும் ஆண்டவர் அதில் முழுமையாய் இருக்கிறார் என்பது நம் விசுவாசம். அதுவும் உலர்ந்த நாவில் ஒட்டிக்கொள்ளும். ஆதலால் முதலில் வாயை ஈரப்படுத்தி, நிமிர்த்தி உட்கார வைத்து, அவருக்கு விதித்த கெட்டியளவில் ஒரு கரண்டி பானத்தோடு கொடுப்பது முறை. அதற்கும் வழியில்லாதபோது ஆசையால் உட்கொள்ளும் நற்கருணை இருக்கிறது. நோயாளரும் அவரைப் பராமரிப்போரும் ஒருமணி நேர நோன்புக்குக் கட்டுப்பட்டவர் அல்லர் என்பதையும் சொல்லிவைக்கிறேன். சாமி வருகிறாரென்று இன்சுலின் போட்டுக்கொண்டு பட்டினி கிடப்பவர்களை இன்னும் காண்கிறேன்.

பிப்ரவரி 3 அன்று புனித பிளாசியார் திருநாள். அர்மேனியாவின் செபஸ்தே நகர ஆயராயிருந்த அவர், தொண்டையில் மீன்முள் சிக்கிய சிறுவனைக் காப்பாற்றினார் என்பது மரபு. அன்று இரண்டு மெழுகுவர்த்திகளைக் குறுக்காய்ப் பிடித்துத் தொண்டைகளை ஆசீர்வதிப்போம். எங்கள் கோயிலில் அந்த ஆசீர் முடிந்ததும், மேலே சொன்ன சகோதரி முகப்பில் ஒரு நாற்காலியைப் போட்டு, நோயாளியை எப்படி உட்கார வைப்பது, எப்படி ஊட்டுவது என்று செய்து காட்டுகிறார். சென்ற முறை நாற்காலியில் நோயாளியாய் அமர்ந்தவர் எங்கள் கோயில்பிள்ளை. கூழ் நன்றாயிருந்ததென்று இரண்டாம் முறையும் கேட்டார்.

பெரியவரின் மனைவியும் அங்கே நின்று, கரண்டியை எப்படிப் பிடிப்பதென்று இளம் மருமகள்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் கணவருக்கு அதன்பின் ஓராண்டுக்கு மேல் சுரம் காணவில்லை. இரண்டாவது தாக்குதலில்தான் அவர் போனார்.

முதல் வெள்ளிக்கு நோயாளரின் பெயர் கொடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோயில் அலுவலகத்திலுள்ள நோட்டில் பெயருக்கும் வீட்டு எண்ணுக்கும் பக்கத்தில் இப்போது ஒரு பத்தி புதிதாய்ப் போட்டிருக்கிறோம். எது இறங்குகிறது, எது இறங்கவில்லை, நிமிர்ந்து உட்கார முடியுமா என்று அதில் எழுதுங்கள். "ஏதோ இறங்குது" என்று எழுதியிருந்தால், முதலில் சகோதரி வருவார். நான் அவர் பின்னே வருவேன்.